நாகேஷும் விருதுகளும்

விருதுப் பட்டியல் வெளிவருந்தோறும் விடுபட்டவர் யார் என்னும் வழக்கு எழுகிறது. 'திருவிளையாடல்' வந்த 1965இல் நடிப்பிற்கெனத் தேசிய விருதே இல்லை. 1967ஆம் ஆண்டுப் படங்கள் முதல் சிறந்த நடிகர்க்கும், 1984 முதல் துணைநடிகர்க்கும் அது வழங்கப்பெற்றது. ஆகவே நாகேஷின் தருமியை எவரும் ஒதுக்கவில்லை. அமர்த்துதற்கு இருக்கைதான் இல்லை.

1994ஆம் ஆண்டின் 'நம்மவர்' அவருக்குத் துணைநடிகர் விருதைத் தந்தது. மகளை இழந்த தந்தை, தகுதியான தேர்வே. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்தார்; நடுவர்களோ பெரும்பாலும் அழுகையையே முதற்கண் வைக்கின்றனர்! அதே ஆண்டு 'மகளிர் மட்டும்' படத்தில் அவர் பிணமாக நடித்தார். சொல் இல்லை, விழியசைவு இல்லை. பிறர் தூக்கவும் சாய்க்கவும் இசைந்து கிடந்த அவ்வுடல் அரங்கையே சிரிப்பில் ஆழ்த்தியது. அதற்கு விருதில்லை.