நான்கு பக்கங்களும் ஓர் அமானிதமே!

(கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற இளைஞர் - வணிகர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கணினியில் ஒரு செய்தி மடலை எப்படி வடிவமைப்பது என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. "ஹஜரத் தொழுகையைப் பற்றிப் பேசுவார், ஜகாத்தைப் பற்றிப் பேசுவார்; கணினிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது, சகோதரர்களே!

திருக்குர்ஆனில் எழுதுகோலின் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைத்துக்கொள்வதையும், எழுதுபவர் நீதியோடு எழுதுவதையும், சாட்சிகள் வைப்பதையும் பற்றியது. கடையில் பற்று வரவு எழுதும் வியாபாரிகளே, மிக நீண்ட வசனம் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது!

இன்னொன்றும் கவனியுங்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்து, அதில் முஹம்மது என்பது ஒரு வரி, ரசூல் என்பது ஒரு வரி, அல்லாஹ் என்பது ஒரு வரியாக மூன்று வரிகளில் பொறிக்கச் செய்தார்கள். சொல்லும் செய்தி எவ்வளவு உயர்ந்ததானாலும், அது படிக்கப்படும் வடிவில் போய்ச் சேரவேண்டும் என்பதற்கு இதைவிட நமக்கு வேறென்ன முன்மாதிரி வேண்டும்?

நம் முன்னோர் விட்டுச்சென்ற வழி

பத்திரிகை நமக்குப் புதிதல்ல. 1882-லேயே இலங்கையில் வழக்கறிஞர் சித்திலெவ்வை அவர்கள் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1887-ல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார்கள். பிறகு தமிழகத்தில் பா. தாவூத் ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்' வந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாகக் கோர்த்து, மை தடவி அச்சடித்த காலம் அது.

1985-ல் ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளை வெளியிட்டது. 1990-களில் அது தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் டி.டி.பி. கடைகள் வரை வந்துவிட்டது. டிரேசிங் தாளில் லேசர் பிரின்ட் எடுத்து, அதிலிருந்து பிளேட் போட்டு, ஆஃப்செட்டில் அச்சடித்தோம். நூறு அச்சுக்கோர்ப்பாளர்களின் வேலை ஒரு மேசைக்குள் அடங்கியது. இன்று அந்த மேசையும் தேவையில்லை. பழைய மடிக்கணினி ஒன்றே போதும். கருவி கைக்கு வந்துவிட்டது, காரியம்தான் நடக்கவில்லை!

நமக்கு ஏன் மடல்?

"எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறதே" என்பீர்கள். வரத்தான் செய்கிறது! இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் விளைவை நான் சொல்லவேண்டியதில்லை. 2022 ஜூலையில் கனியாமூரில் மாணவி ஒருவர் இறந்தார். நீதி கேட்ட குரல் நியாயமானது. ஆனால் செல்போன் குழுக்களில் பறந்த அழைப்புகளும் வதந்திகளும் ஜூலை 17 அன்று கூட்டத்தைத் திரட்டின, பேருந்துகள் எரிந்தன, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அந்தச் செய்திகளை முதலில் எழுதியவர் யார்? பெயர் உண்டா, முகவரி உண்டா? செய்தி கொண்டுவரப்பட்டால் தீர விசாரித்துக்கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அச்சிட்ட தாளில் வெளியிட்டவர் பெயர் இருக்கிறது. கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார். அதுதான் வேறுபாடு.

2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை மறக்க முடியுமா? மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். சாராயம் காரணமல்ல என்ற பேச்சு முதல் நாளில் எழுந்தது. துக்க வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வெளியாயின. மெத்தனால் குடித்தவருக்குச் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகுதான் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் வரும். உடனே மருத்துவமனைக்குப் போனால் காப்பாற்ற மருந்து உண்டு. இந்த நான்கு வரி பெரிய எழுத்தில் டீக்கடைகளில் ஒட்டப்பட்டிருந்தால்? மது நமக்கு ஹராம் என்பதால் அண்டை வீட்டான் உயிர் நமக்கு அந்நியமாகிவிடாது.

கல்வராயன் மலையில் பல ஊர்களில் இன்றும் செல்போன் சிக்னல் சரிவரக் கிடைப்பதில்லை. மலையேறி வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் சரக்கோடு பத்துத் தாளையும் கொண்டுபோனால், சிக்னல் போகாத இடத்துக்குச் செய்தி போகும்.

நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2025-ல் வக்ஃபு சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தை நாம் எதிர்க்கிறோம். அந்தப் போராட்டம் வேறு. ஆனால் ஜூன் 6 அன்று 'உமீத்' இணையதளம் தொடங்கப்பட்டு, சொத்து விவரங்களைப் பதிவேற்ற ஆறு மாத அவகாசம் தரப்பட்டதை, சிற்றூர் முத்தவல்லிகளில் எத்தனை பேர் காலத்தோடு தெரிந்துகொண்டார்கள்? பட்டா, சர்வே எண், பரப்பளவு, பழைய பத்திரம் ஆகியவற்றைத் தேடி வையுங்கள் என்று முதல் பக்கத்தில் பெட்டி கட்டிச் சொல்ல நம்மிடம் ஒரு தாள் இருந்ததா? பாட்டனார் எழுதிவைத்த மையவாடியை, தேதி தெரியாத காரணத்தால் நாம் இடரில் விடலாமா?

முதலில் வெறும் தாள்

கணினியைத் திறக்காதீர்கள்! முதலில் ஒரு வெள்ளைத் தாளை இரண்டாக மடியுங்கள். நான்கு பக்கம். பென்சிலால் கட்டம் போடுங்கள். முதல் பக்கம்: இந்தப் பதினைந்து நாளில் மக்கள் அவசியம் அறியவேண்டிய ஒரே ஒரு செய்தி. இரண்டாம் பக்கம்: உதவித்தொகை, பிறமதச் சான்று, சாதிச் சான்று, கல்லூரிச் சேர்க்கை, 2007 முதல் நமக்குள்ள 3.5 சதவீத இடஒதுக்கீடு பற்றிய விளக்கங்கள். மூன்றாம் பக்கம்: மார்க்கமும் மகளிரும். நான்காம் பக்கம்: ஜமாஅத்தின் வரவு செலவும் விளம்பரங்களும். எந்தச் செய்திக்கு எவ்வளவு இடம் என்பது இங்கேயே முடிவாகவேண்டும். அளவெடுக்காமல் துணியை வெட்டும் தையற்காரர் உண்டா?

எந்த மென்பொருள்?

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது. அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன் நல்ல மென்பொருள். ஆனால் சந்தா கட்டவேண்டும். "அண்ணே, கிராக் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் தம்பிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உடையவன் அனுமதியில்லாத பொருளில் மார்க்கப் பிரச்சாரத்தை அச்சடிப்பதா? களவு எடுத்த தண்ணீரில் ஒளுச் செய்வது போலல்லவா இது!

ஹலாலான வழி இருக்கிறது. ஸ்கிரைபஸ் என்ற மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள். அதன் புதிய பதிப்புகளில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர் போன்ற எழுத்துருக்களும் இலவசம், அனுமதியோடு. பழைய டி.டி.பி. எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால், மாற்றி மென்பொருள் மூலம் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுவிட்டது. அதில் அடித்த செய்தியை நாளை தேடி எடுக்கலாம், செல்போனிலும் அனுப்பலாம்.

அளவுகள்

குறித்துக்கொள்ளுங்கள். ஏ3 தாளை மடித்தால் ஏ4 பக்கம் நான்கு. ஒரு பக்கம் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். இருபுறமும் 15 மி.மீ. ஓரம் விடுங்கள். மீதி 180. நடுவே 6 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு பத்தி. ஒவ்வொன்றும் 87 மி.மீ. மூன்று பத்தி வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் வரிக்கு இரண்டு மூன்று சொல் விழுந்து, இடையில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தாலும் குற்றமில்லை.

செய்தி எழுத்து 11 பாயின்ட். வரிக்கு வரி 15 பாயின்ட். நம் எழுத்துக்கு மேலே கொக்கி, கீழே சுழி. நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்பது கணக்கு. பெரியவர்கள் படிக்கவேண்டுமானால் 12 வையுங்கள். தலைப்புக்கு ஒரு எழுத்துரு, செய்திக்கு ஒரு எழுத்துரு, மூன்றாவது வேண்டாம். கல்யாணப் பந்தல் போல் எட்டு வண்ணமும் பூவும் கொடியும் போட்டால் செய்தி எங்கே என்று தேடவேண்டியிருக்கும். கருப்பு மையே போதும்.

ஒரு பக்கத்தில் தலைப்பு போக ஏறத்தாழ 300 முதல் 350 சொற்கள் அடங்கும். அதற்கு மேல் எழுதித் தந்தால், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், எழுதியதைச் சுருக்குங்கள். தலைவர் உரையானாலும் சரியே!

ஸ்கிரைபஸில் மாஸ்டர் பேஜ் என்று ஒன்று உண்டு. இதழ்ப் பெயர், பக்க எண், ஓரக்கோடு ஆகியவற்றை அதில் ஒருமுறை வைத்தால் எல்லாப் பக்கத்திலும் வரும். தலைப்பு, செய்தி, பெட்டிச் செய்தி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஸ்டைல் செய்துகொண்டால் அடுத்த இதழுக்குப் பாதி வேலை முடிந்தது. டெக்ஸ்ட் ஃபிரேமின் கீழ்மூலையில் சிவப்புக் குறி தெரிந்தால், செய்தி உள்ளே அடங்கவில்லை என்று பொருள். அடுத்த ஃபிரேமோடு இணையுங்கள். படம் 300 டி.பி.ஐ. தரத்தில் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் அச்சில் கரிப்புகை மாதிரிதான் விழும். கடைசியில் பிடிஎஃப் ஆக்குங்கள். தாளின் ஒருபுறம் 4, 1. மறுபுறம் 2, 3 என்ற வரிசையில் அச்சாகவேண்டும் என்பதை மறவாதீர்கள். 500 பிரதிக்கு 500 தாள். அதாவது ஒரு ரீம்.

வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

அந்த ரீமின் செலவு உங்கள் விளம்பரத்தில் வந்துவிடும். கால் பக்கம், எட்டில் ஒரு பக்கம் என்று இரண்டே அளவு வைப்போம். விளம்பரம் நான்காம் பக்கத்தைத் தாண்டக்கூடாது. யார் அதிகம் தந்தாலும் செய்தியின் வாய் அடைபடக்கூடாது. கிடைத்த தொகையும் செலவும் அடுத்த இதழில் ரூபாய் கணக்கோடு அச்சாகவேண்டும். கணக்கை வெளியிடும் ஜமாஅத்தில் சண்டை குறையும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

அச்சுக்குமுன்

மூன்று காரியம். ஒன்று, வசனங்களை அரபியில் அச்சிடாதீர்கள். இந்தத் தாள் நாளை பொட்டலமாகும், தெருவில் விழும். கருத்தைத் தமிழில் சொல்லி, அத்தியாயமும் எண்ணும் தந்தால் போதும். இரண்டு, அடித்தவர் அல்லாத வேறொருவர், தாளில் எடுத்து, வாய்விட்டுப் படித்துப் பிழை திருத்தட்டும். 'பள்ளி'யின் ளகரம் மாறினால் தொழுமிடம் சுவரில் ஊரும் பிராணியாகிவிடும்! பெயர், தேதி, தொகை, தொலைபேசி எண் நான்கையும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.

மூன்று, சட்டம். தவறாமல் இடைவெளிவிட்டுப் பொதுச் செய்தி வெளியிடும் இதழுக்குப் பதிவு தேவை. 1867-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2023-ல் இயற்றப்பட்ட பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது, விண்ணப்பம் இணையவழியிலேயே. வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து செய்யுங்கள். தேர்தல் துண்டறிக்கையானால், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அது. பெயர் போட அஞ்சும் செய்தியை நாம் அச்சிடவே வேண்டாம்.

சகோதரர்களே! சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம், கச்சிராயபாளையம் என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஊருக்கு இரண்டு இளைஞர், ஒரு வணிகர் சேர்ந்தால் போதும். போகும்போது ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். இன்றிரவே மடியுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் மஹல்லா அறியவேண்டிய அந்த ஒரு செய்தி எது என்று எழுதுங்கள். அது எழுதத் தெரிந்துவிட்டால், மென்பொருளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எழுதியதற்கெல்லாம் நாளை பதில் சொல்லவேண்டியவர்கள் நாம். பயன்தருவதை எழுதவும், உண்மையை மட்டுமே பரப்பவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.