செவிக்கும் உரியது தமிழ்

(இராசபாளையத்தில் நடைபெற்ற தமிழன்பர் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொழிஞாயிறு பாவாணர் ஆசிரியப் பணியைத் தொடங்கிய முறம்பு இவ்வூருக்கு அண்மையில்தான் இருக்கிறது. அவர் பெயர் நிலைத்த மண்ணில் நின்று வடசொற் கலப்பைக் கடிந்து ஒரு மணிநேரம் பேசுவது எளிது. நீங்களும் மகிழ்ந்து கைதட்டுவீர்கள். இன்று நான் வந்திருப்பது பிறரைக் கடிவதற்கன்று, நம்மையே கடிவதற்கு. பொறுத்தருள வேண்டுகிறேன்.

மூன்று திங்களுக்கு முன் திருவில்லிபுத்தூரிலிருந்து ஓர் இளைஞர் என் இல்லத்திற்கு வந்தார். பிறவியிலேயே பார்வையில்லாதவர், தமிழில் முதுகலை முடித்தவர். "ஐயா, நம் இதழின் பழைய தொகுதிகளையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டதாக எழுதியிருந்தீர்களாமே! நண்பர் படித்துச் சொன்னார். மூன்று நாளாக முயல்கிறேன், அது என்னோடு பேச மறுக்கிறது" என்றார். எனக்குச் சற்றே சினம். பல இரவுகள் கண்விழித்துப் பக்கம் பக்கமாக ஒளிப்படமெடுத்து அவற்றை ஏற்றியவன் நானே. அவர் தம் கைப்பேசியில் நம் தளத்தைத் திறந்து, விரலால் திரையைத் தடவினார். "படம்" என்றது கைப்பேசி. அடுத்த பக்கம்: "படம்." அதற்கடுத்த பக்கமும் "படம்." பாவாணரின் சொல்லாராய்ச்சிக் கட்டுரையும் படம், நம் ஆசிரியவுரையும் படம், ஈற்றுப் பக்கத்திலுள்ள கையொப்பக் கட்டண அறிவிப்பும் படமே. நான் தலைகுனிந்தேன்.

பார்வையற்றோர் கணினியையும் கைப்பேசியையும் எவ்வாறு இயக்குகின்றனர் என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததேயில்லை. திரைபடிப்பான் என்றொரு மென்பொருள் உண்டு. திரையிலுள்ள எழுத்தை அது குரலாக்கிச் சொல்லும். அதற்குரிய கருவியை இணைத்தால், விரலால் தடவியறியும் புள்ளியெழுத்தாகவும் தரும். என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பானைப் பார்வையற்ற ஆத்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கினார். அவரைப் போன்றே பார்வையற்றவரான சேம்சு தே அவரோடு சேர்ந்துகொண்டார். விலையின்றிக் கிடைக்கும் அது இன்று தமிழும் பேசுகிறது. தேனொழுகும் குரல் என்று சொல்லமாட்டேன். கேழ்வரகு திரிக்கும் கல்லோசை போன்றதுதான். ஆயினும் அது பேசுவது தமிழ்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ககரம் சொல்லின் முதலில் ஒருவாறும், மெல்லினத்தின் பின் ஒருவாறும், உயிர்களுக்கு இடையில் ஒருவாறும் ஒலிப்பது தமிழின் இயல்பு. அவ்வொழுங்கைப் பொறிக்குக் கற்பித்துவிட்டால் தமிழ்ச்சொல்லை அது பெரும்பாலும் தடுமாறாமல் ஒலிக்கிறது. அயற்சொல் குறுக்கிடும்போதே இடறுகிறது. தூயதமிழ் செவிக்கும் நன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும். ஆனால், அத் தூயதமிழை நாமோ செவிக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்!

படங்கள் ஒருபுறமிருக்க, நம் அன்பர் சிலர் முன்னரே நடத்திய பழைய தளமொன்றையும் அவர் திறந்து காட்டினார். அங்கே எழுத்து இருந்தது, படமில்லை. கைப்பேசியோ ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாக ஒப்பித்தது. கரணியம் என்ன? கண் காண்பது எழுத்தின் வடிவத்தை; பொறி காண்பது அதன் பின்னாலுள்ள குறியெண்ணை. பாமினி என்னும் எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதுங்கள். திரையில் தெரிவது அம்மா. உள்ளே இருப்பவையோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச்சு என்னும் ஆங்கிலக் குறிகள். எழுத்துரு என்னும் மேலாடையைக் களைந்துவிட்டால் அங்கே தமிழேயில்லை! ஒரு வடவெழுத்துக் கலந்தாலே வெகுண்டெழும் நாம், முழுக் கட்டுரையையும் ஆங்கிலக் குறிகளால் எழுதிவிட்டுத் தூயதமிழ் என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம். கண்ணுள்ளவர்க்கு இது தெரியாது. கண்ணில்லாதவரே இக் கலப்படத்தை நமக்குக் காட்டினார்.

இதற்குத் தீர்வாகவே ஒருங்குறி வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே குறியெண். 2010 சூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாட்டரசும் அதைத் தன் ஆட்சிக்குரிய குறிமுறையாக ஏற்றது. அதே ஆண்டின் பிற்பகுதியில் 26 கிரந்த எழுத்துகளைத் தமிழோடு சேர்க்கும் முன்மொழிவு எழுந்தபோது, தமிழறிஞர்களும் இயக்கங்களும் கொதித்தெழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது நிறைவேறவில்லை, 2014-இல் கிரந்தத்திற்கு வேறு இடம் ஒதுக்கப்பட்டது. தமிழின் வீட்டில் அயலார் குடிபுகாமல் காத்தோம், மிகச் சரியே. காத்த வீட்டில் நாம் குடியேறினோமா? நம்முள் எத்தனை இதழ்கள் இன்றும் பழைய எழுத்துருவிலேயே அச்சுக் கோக்கப்பட்டு, அக்கோலத்திலேயே இணையத்திலும் ஏற்றப்படுகின்றன!

ஒருங்குறியில் எழுதினாலும் இன்னொரு தடை உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் உள்ளும் 'இது தமிழ்' என்று பொறிக்கு அறிவிக்கும் சிறு குறியொன்றை இடவேண்டும். வார்ப்பை அயலாரிடமிருந்து அப்படியே எடுப்பதால், பல தமிழ்த்தளங்களில் 'இது ஆங்கிலம்' என்னும் குறியே மாற்றப்படாமல் கிடக்கிறது. அதை நம்பித் திரைபடிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்கப் புகுந்து திக்கும். சிலபோது வாயே திறக்காது. ஒரேயொரு சொல்லைத் திருத்தினால் தீரும் குறை இது.

படத்தையே இடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. படத்தின் பின்னால் அதை விளக்கும் மாற்றுரையை எழுதிவைத்தால் திரைபடிப்பான் அதைச் சொல்லும். நம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றே நாம் பெருமிதத்தோடு சொல்லும் அரசு இலச்சினை இருக்கிறதே, மாற்றுரையின்றி அதை ஒரு தளத்தில் இட்டால், பதினொரு நிலைக் கோபுரமும் 'படம்' என்னும் ஒற்றைச் சொல்லாகிவிடும்.

இது பார்வையற்றோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. காதுகேளாதவர்க்குக் காணொளியின் அடியில் எழுத்து வேண்டும். கைநடுக்கமுள்ளவர் சுட்டியின்றி விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் இயக்க முடியவேண்டும். வெளிர்சாம்பல் பின்புலத்தில் அடர்சாம்பல் எழுத்தை என் போன்ற முதியவர்களும் படிக்கவியலாது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். மாற்றுத்திறனாளி என்னும் நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் வழங்க, தில்லியோ 2015 இறுதியில் 'திவ்யாங்' என்றொரு சொல்லை எடுத்துத் துறையின் பெயரிலும் ஒட்டிவைத்தது. தெய்வ உறுப்பினர் என்று புகழ்ந்துவிட்டால் படியேறவும் படிவம் நிரப்பவும் இயன்றுவிடுமா? 2016-இல் வந்த உரிமைச்சட்டம் தெளிவாகவே இருந்தது. அதன்கீழ் 2017-இல் வகுத்த விதிகளே அணுகுதரங்களை வெறும் வழிகாட்டுதலாக்கி விட்டன. அவற்றுள் 15-ஆம் விதி சட்டத்திற்கு முரணானது என்று உச்ச நயன்மன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று திங்களில் வகுக்கப் பணித்தது. 2025 ஏப்பிரல் 30 அன்று வந்த தீர்ப்பு இன்னும் நெஞ்சைத் தொடுவது. வைப்பகக் கணக்குத் தொடங்க, கைப்பேசியின் முன் கண்ணிமைத்துக் காட்டச் சொல்கிறார்கள். அமிலவீச்சில் இமை சிதைந்தவர் எப்படி இமைப்பார்? பார்வையற்றவர் தம் முகத்தை அக்கட்டத்துள் எப்படி நிறுத்துவார்? மின்வழி அணுகல் உயிர்வாழும் உரிமையின் ஒரு கூறே என்று அம்மன்றம் அறிவித்தது. எனவே, இது இரக்கத்தால் ஈவதன்று.

அரசைக் கேட்பதற்கு முன் நம் கதைக்கே மீள்கிறேன். திருவில்லிபுத்தூரில் 1875-இல் தோன்றிய பென்னிங்டன் நூலகத்தை நீங்கள் அறிவீர்கள். "அந்த நூல்களின் தாள்மணம் எனக்குத் தெரியும் ஐயா, ஒரு வரியையும் தெரியாது" என்றார் அவ்விளைஞர். அச்சுநூலால் வந்த தடை அது. இணையம் அதை நீக்கவந்த கருவி. நாமோ அதன்மேலும் அதே தாளை ஒட்டிவைத்தோம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அன்பர்கள் பழந்தமிழ் நூல்களைத் தம் கையாலேயே தட்டச்சிட்டு ஏற்றினர். அதனால்தான் சங்க நூல்களை இவ்விளைஞர் செவிவழியே கற்றுத் தேறமுடிந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டு அவரோடு பேசுகிறது. நாற்பதாண்டுக்கு முந்தைய நம் இதழ் பேசவில்லை.

எழுத்துணரி மென்பொருள் படத்திலிருந்து எழுத்தை ஓரளவு எடுத்துத் தரும். பழைய அச்சில் ணகரமும் னகரமும் மயங்கும், ஒற்றெழுத்தின் புள்ளி தொலையும். ஒவ்வொரு வரியையும் மனிதர் ஒப்புநோக்கியே தீரவேண்டும். ஆளுக்கு இருபது பக்கம் எடுத்துக்கொண்டால் போதும். வாயிலில் குறிப்பேடு வைத்திருக்கிறேன். முதற்பெயர் அவருடையது. 'மெய்ப்புப் பார்ப்பவர்' என்று எழுதப்போனேன். "மெய்ப்புக் கேட்பவர் என்று எழுதுங்கள், ஐயா" என்று திருத்தினார். தட்டச்சுத் தெரியாத பெரியவர்கள் படங்களுக்கு மாற்றுரை எழுதித் தரலாம். அதற்கும் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.