உமிழ்நீர் சொல்லும் செய்தி
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாம்பூலம் இல்லாத மங்கல காரியம் நம்மிடையே இல்லை. ஆயினும், பாக்குப் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2003 ஆம் ஆண்டில் அறிவித்தது. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்துப் பெருகும். இலங்கை ஆண்களை வாட்டும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. ஆரம்பத்திற் கண்டால் குணமாக்கக்கூடிய இந்நோய், மகரகம வைத்தியசாலையை அடையும்போது பலருக்கு முற்றிவிடுகிறது. அதனை முன்னரே கண்டறிய விஞ்ஞானம் தேடும் வழி ஒன்றைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

நீரிழிவுக்காரர் ஒரு துளி இரத்தத்தைச் சிறு கருவியில் இட்டுச் சீனியின் அளவைப் பார்ப்பதை நீங்கள் அறிவீர்கள். இதன் மூலத் தத்துவத்தை அமெரிக்கரான லீலண்ட் கிளார்க் 1962 இல் வெளியிட்டார். உயிர்ப்பொருள் ஒன்றை மின்வாயின்மேல் இருத்தினால், இரத்தத்தில் உள்ள பொருளை மின்னோட்டத்தால் அளக்கலாம் என்பதே அது.

புற்றுநோய்க்கும் இவ்வழியையே நாடுகிறார்கள். வாய்ப்புற்று உள்ளவர்களின் உமிழ்நீரில் சைஃப்ரா 21-1 என்னும் புரதத்துண்டு மிகுந்து காணப்படுவதுண்டு. அதனைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை மின்வாயில் ஒட்டிவைக்கிறார்கள். பூட்டுக்குள் திறப்புப் பொருந்துவதுபோல் புரதம் வந்து பொருந்தியதும் இலத்திரன்களின் ஓட்டம் மாறுகிறது. அம்மாற்றமே புரதத்தின் அளவைக் காட்டுகிறது.

ஆனால், சீனியோடு ஒப்பிட்டால் இப்புரதம் மிக மிகச் சொற்பம். இங்கேதான் நனோப் பொருள்கள் கைகொடுக்கின்றன. பென்சிற் காரீயத்தை ஓர் அணுத் தடிப்புள்ள படையாக உரித்தால் அது கிராபீன். அதில் ஒரு கிராமை விரித்தால் இருபுறமுமாக ஏறக்குறைய 2,600 சதுர மீற்றர் பரப்பு வரும். பரப்புப் பெருகப் பிறபொருளெதிரிகள் அமர இடமும் பெருகும். நுண்ணிய மாற்றமும் தெரியும். தில்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பன்சி மல்கோத்திரா குழுவினர், கிராபீன் வகையொன்றோடு சிர்க்கோனியாத் துணிக்கைகளைச் சேர்த்து இப்புரதத்தை அளந்த ஆய்வை 2016 இல் வெளியிட்டனர். காரீயமோ நமது போகலையிலும் கஹட்டகஹவிலும் நிலத்தடியில் கிடக்கிறது. ஹோமாகமவில் நனோத் தொழில்நுட்ப நிறுவனமும் உண்டு. விஞ்ஞானம் கற்கும் நம் இளைஞர் இத்துறையில் இறங்கவேண்டும்.

இத்தகைய புரதங்கள் வேறு நோய்களிலும் கூடலாம். உமிழ்நீரின் பிற பொருள்கள் மின்வாயை மூடலாம். ஆகவே, இக்கருவி நம் வைத்தியசாலைகளில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. சிறு சதைத்துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தே நோயை உறுதிசெய்கிறார்கள்.

அதுவரை நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ ஆறாத புண்ணோ இரண்டு வாரம் கடந்தும் இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். அப்பப்பாவிடம் வாயைத் திறக்கச் சொல்ல நமக்குக் கூச்சம். காட்ட அவருக்குக் கூச்சம். நாளை கருவி வந்தாலும், அந்த ஒரு துளி உமிழ்நீரை அவரே மனமுவந்து தரவேண்டும். ஆகவே, இளைஞர்களே, இன்றிரவே வீட்டிற் கேளுங்கள். பெரியோர்களே, கேட்டால் கோபியாதீர்கள்.