வழி யாருக்கு?



1887-இல் சிக்காகோவில் பிறந்த சாப்ட்பாலை இன்று நம் கோலா கங்சார் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். ஓடுகிறவரும் பிடிக்கிறவரும் மோதிக்கொண்டால் கரையில் நிற்கும் நாம்தான் முதலில் சண்டைக்குப் போகிறோம்! விதியைக் கேளுங்கள். அடித்த பந்தைப் பிடிக்கப் போகிறவருக்கே வழி. ஓடுகிறவர் ஒதுங்க வேண்டும், இடைஞ்சல் செய்தால் அவுட். கையில் பந்துமில்லாமல், பிடிக்கவும் போகாமல் சும்மா மறித்து நின்றால் குற்றம் மறித்தவர்மேல். தடையில்லாவிட்டால் எட்டியிருக்கக்கூடிய பேஸை ஓடியவருக்கு நடுவர் கொடுப்பார்.

பால்மரக் காட்டில் நிரம்பிய வாளியோடு வந்தவருக்கு ஒதுங்கி வழிவிட்டவர்கள்தானே நாம்? அதே நியாயம்தான் இது. பிள்ளைகள் கைகால் முறியாமல் ஆடவே இவ்விதி. ஆகவே நடுவர் தீர்ப்புச் சொல்லும்வரை பொறுங்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.