அழக்கூட உரிமையில்லாத சாவு

(பெர்ன்ஹில்லில் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். இந்தியாவுக்கே அதுதான் முதல் தகவல். உடனே நம்ம சமூகம் கேட்ட கேள்வி, "யாரால வந்துச்சு?" என்பது. "யாருக்கு வலிக்குது?"ன்னு ஒருத்தரும் கேட்கலை. 1989இல் கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞரை, ரத்தத்தில் கிருமி இருந்த ஒரே காரணத்துக்காக 64 நாள் அடைத்து வைத்தார்கள். ஊர்விலக்கு என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆணை நேசிக்கிற ஆணுக்கு இதோடு சட்டமும் எதிரி. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய 377ஆம் பிரிவு. 1994இல் திகார் சிறைக்கு ஆணுறை தர மறுத்தபோது அந்தப் பிரிவைத்தான் காட்டினார்கள். எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது.

இதெல்லாம் வெளியே நடந்தது. மனசுக்குள்ளே நடந்ததை யார் எழுதினது? புருஷன் செத்தால் மனைவி மாரடிச்சு அழலாம். காதலன் செத்தால் இவன் சுடுகாட்டில் கடைசி வரிசையில் 'சிநேகிதனா' நிற்கணும். வாய்விட்டு அழுதா, "நீ யாருடா?"ன்னு கேட்பாங்க. வீட்டுக்கு வந்ததும் அடுத்த பயம்: எனக்கும் இருக்குமோ? சோதனைக்குப் போனா யாராவது பார்த்துடுவாங்களோ? இந்த மலையில் லயன் வீட்டில் வளர்ந்தவங்களுக்குத் தெரியும், ஒருத்தர் இருமினா அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அங்கே எங்கே ஒளிப்பான்? தூக்கம் போகுது, குடி வருது. சோதனை தள்ளிப்போகுது. மனசு உடைஞ்சது உடம்பையும் கொல்லுது.

2004இலிருந்து அரசு கூட்டுமருந்தை இலவசமாகத் தருகிறது. தவறாமல் சாப்பிட்டுக் கிருமியைக் கட்டுக்குள் வைத்தவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பரவாது. பாகுபாட்டைத் தடுக்க 2017இல் சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் 6இல், வயதுவந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமில்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனா வெட்கத்துக்கு மாத்திரை இல்லை.

சேரியில் பிறந்து, ஆணை நேசிச்சு, கிருமியும் தொற்றியவன் மூணு தீட்டைச் சுமக்கிறான். முதல் தீட்டு பொய் என்று சொல்லத்தான் நாம் இயக்கமானோம். மற்ற ரெண்டும் நம்ம தெருவில், நம்ம வாயிலிருந்தே வருது. டீக்கடை தனி டம்ளரை உடைச்ச கை, வீட்டில் தம்பிக்குத் தனித் தட்டு வைக்கலாமா தோழர்களே?