அறுபத்தோராவது பிள்ளை

தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே, விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய் வேலையை முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே!

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வகுப்பு, ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். ஆசிரியர் எத்தனை பேர்? இரண்டே பேர். அரசாங்கம் சட்டத்தை மீறிவிட்டதா என்று கேட்பீர்கள். மீறவில்லை! 2009-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே அப்படித்தான் சொல்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு.

இரண்டு பேர் ஐந்து வகுப்பை எப்படி நடத்துவார்கள்? ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் அதே அறையில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கும் போட வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இதைப் பார்க்கிற தாய் கம்மலை அடகு வைத்தாவது வேன் வருகிற பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தன் பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்கிறாள். ஆனால் அடுத்த வீட்டுத் தாயும் அதையே செய்கிறாள், அதற்கடுத்த வீடும் செய்கிறது. ஐம்பத்தெட்டு ஐம்பதாகி, முப்பதாகி, ஒருநாள் அதிகாரி வந்து, “பிள்ளைகளே இல்லையே, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம்” என்பார். அன்று பள்ளியைப் பூட்டப்போவது யார்? நம் ஒவ்வொருவர் வீட்டு முடிவும் சேர்ந்துதான் அந்தப் பூட்டு!

தனியாளாக நிற்கும் பெற்றோருக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு: விலகிப் போவது. கூடி நிற்கும் பெற்றோருக்கு வேறு வழி இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு நம் தெருவிலிருந்து மூன்றே மூன்று பிள்ளைகளைக் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். அறுபத்தோராவது பிள்ளை பதிவேட்டில் ஏறிய மறுநிமிடமே மூன்றாவது ஆசிரியரைக் கேட்கிற உரிமை நமக்கு வந்துவிடுகிறது. யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

கூட்டாகச் செய்வது இந்தச் சீமைக்குப் புதிதா? விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கித்தான் நடத்தினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. வியாபாரிகள் மகமை போட்டுப் பள்ளி கட்டினார்கள். காமராஜர் முதலமைச்சரான பிறகு 1956-இல் மதிய உணவைத் தொடங்கி வைத்தது எங்கே? நம் எட்டயபுரத்தில்! மறு ஆண்டு அரசு மானியம் வந்தபோது ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்குப் போட்டார்கள். ஆறு பைசா அரசாங்கம், நாலு பைசா ஊர். 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைத் தொடங்கினார்கள். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னே நின்றார். ஊர்க்காரர்கள் பெஞ்சும் நிலமும் கட்டடமும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதைப் பெருமையோடு சொல்கிறேன். ஆனாலும் இரண்டு விஷயத்தை மறைக்க மாட்டேன். பிடி அரிசியும் மகமையும் பெரும்பாலும் ஒரு சாதிக்குள் திரண்டவை. அரசுப் பள்ளிக் கதவோ எந்தத் தெருப் பிள்ளைக்கும் ஒன்றுபோலத் திறக்கிறது. பரதவர் பிள்ளையும் நாடார் பிள்ளையும் தலித் பிள்ளையும் மரைக்காயர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிற இடம் இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அதற்காகவே அதைக் காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்று, அன்று அரசாங்கத்தின் கஜானா சிறியது, ஊர் கைகொடுத்தது நியாயம். இன்று உப்பு ஏற்றும் லாரியின் டீசலிலிருந்து குழந்தை தின்னும் பிஸ்கட் வரை நாம் வரி கட்டுகிறோம். ஆகவே நன்கொடையாளர் வரட்டும் என்று அரசு காத்திருக்கக் கூடாது! கம்பெனிகள் சுவருக்கு வர்ணம் அடித்து, பெயர்ப் பலகை மாட்டி, படம் எடுத்துக்கொண்டு போகின்றன. வர்ணம் அழகுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கழிப்பறையைத் தினமும் கழுவ ஆள் போட்டீர்களா? வயதுக்கு வந்த பெண்பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அதற்கு என்ன வழி? 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடெங்கும் பழுதான கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். மூன்று பிள்ளைகளைக் கொடுத்த பிறகுதானா சுவரைத் தட்டிப் பார்ப்பது? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, ஊறிய நம் பள்ளிச் சுவர்களைத் தட்டிப் பார்த்துச் சான்று கொடுத்தது யார்? அந்தச் சான்றை நம்மில் யாராவது கேட்டு வாங்கிப் படித்தோமா?

கேட்கும் அதிகாரம் நமக்கு இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று, கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளிக்கு வருகிற பணம், அரசு கொடுத்ததோ கம்பெனி கொடுத்ததோ, எங்கே போகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் அதன் வேலை. அந்தத் திட்டத்தை வைத்துத்தான் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. நடப்பது என்ன? வேலை நாளில் கூட்டம் வைக்கிறார்கள். உப்பளத்து அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவாள்? பிறகு ஒரு பிள்ளை கையில் தீர்மான நோட்டு வீட்டுக்கு வருகிறது. “இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.” என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டுவிடுகிறோம். போடாதீர்கள், அக்கா! வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோ அந்தி நேரத்திலோ வைக்கச் சொல்லித் தீர்மானமே போடுங்கள். ஆசிரியரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஐந்து வகுப்பைச் சுமக்கும் அந்த டீச்சருக்கு நம்மைவிட நல்ல துணை யார்? கேள்வி போக வேண்டிய இடம் வட்டாரக் கல்வி அலுவலகமும் மாநகராட்சியும். எழுத்தில் கொடுத்த குறைக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. கிராமத்தில் இருப்பவர்கள் அந்தக் குறையைக் கிராம சபையில் வையுங்கள், நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபையில் வையுங்கள்.

“நாங்கள் சொன்னால் எடுபடுமா?” என்று கேட்காதீர்கள். 1908-இல் நம் ஊர்க் கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தியபோது அவர்கள் கையில் சட்டம் இருந்ததா? வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூடவே நின்றார்கள், வெள்ளைக்கார முதலாளி இறங்கி வந்தான். 2018 மே மாதம் இதே ஊர் நல்ல காற்றுக்காகத் தெருவில் இறங்கி, துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களைக் கொடுத்தது. அவ்வளவு கொடுத்த ஊர், பிள்ளைக்கு ஒரு டீச்சரைக் கேட்கக் கூச்சப்படலாமா?

வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு அண்ணாச்சிமார் கரையில் இருப்பார்கள். பள்ளிச் சேர்க்கையும் அந்த நாட்களில் நடக்கிறது. தெருவுக்கு நாலு பேர், இரண்டு ஆண், இரண்டு பெண், ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். வேன் பள்ளியில் சேர்த்த வீட்டையும் விடாதீர்கள். அங்கே கட்டுகிற கட்டணம் எவ்வளவு, இங்கே மூன்றாவது டீச்சர் வந்தால் திரும்பி வருவீர்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படிதான் ஆசிரியர் பணியிடத்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்குள் பெயர்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். இந்த மேடைக்குக் கீழே ஒரு மேசை போட்டிருக்கிறோம். எந்தத் தெருவுக்கு யார் போவது என்று பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். உப்பளத்து அக்காமார் முதலில் வாருங்கள், நீங்கள் நாளைக்கும் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும்.