காதுக்கேற்ற கருவி

தாழ்வுபாட்டுத் திருவிழாக்களிலே டீஜேயாக இசை வழங்கும் பழைய மாணவர் ஒருவர், "எந்த ஹெட்போன் வாங்கலாம், சேர்? விழா முடிந்தால் காது இரைகிறது" என்றார்.

ஒலிபெருக்கி முழங்கும் மேடையிலே அடுத்த பாட்டின் தாளத்தைத் தனித்துக் கேட்க, காதை இறுக மூடும் வகையே தகும். 1988இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 25 அத்தகையது. அமைதியான அறையில் இசை கலப்போர்க்குப் புறந்திறந்த வகை நன்று. கடையில் அதிரும் பாஸுக்கு மயங்குதல் வேண்டா. அதனை நம்பிப் பாஸைக் குறைத்து அமைத்த பாட்டு, பிறர் வீட்டில் மெலிந்தே ஒலிக்கும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆயின் 4 மணி நேரமே. திருவிழா இரவொன்றே அதனைத் தாண்டிவிடுமன்றோ! வெளியோசையை நன்கு தடுக்கும் மூடியிருந்தால், உள்ளொலியைக் கூட்ட வேண்டியதில்லை.

"கருவி பிறகு வாங்கலாம், தம்பி. முதலில் காதை மருத்துவரிடம் காட்டும்" என்றேன்.